கரண்டிமூக்கு உள்ளான் ஏன் அரிது, காட்டு முயல் ஏன் சாதாரணம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கரண்டிமூக்கு உள்ளான் தரையில் முட்டையிடுகிறது, காட்டு முயலும் தரையில்தான் குட்டி போடுகிறது. இரண்டையும் நரி தின்கிறது, இரண்டையும் மனிதன் பிடிக்கிறான். அப்படியிருக்க, ஓட மட்டுமே தெரிந்த முயல் எங்கும் கிடக்கிறது, பறக்கத் தெரிந்த பறவை சில நூறில் வந்து நிற்கிறது. முயல் நிறையக் குட்டி போடுவதுதான் காரணமா? இரை தேடும் கடற்கரைச் சேறு போனால் பறவை வேறு இடம் பார்த்துப் போக வேண்டியதுதானே? அப்படியும் முடியாவிட்டால், கூண்டில் வளர்த்துப் பெருக்கி விட்டுவிடலாமே? கேள்விகள் மூன்றாக இருந்தாலும், ஓர் உயிரினம் அரிதாவதை எது முடிவு செய்கிறது என்ற ஒரே விஷயத்தைத்தான் நீங்கள் மூன்று பக்கமாகச் சுற்றி வந்து கேட்டிருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

நான் விலங்கியல் படித்தவன். இருபது வருஷத்துக்கு மேலாகக் கரைப்பறவைக் கணக்கெடுப்பில் இருக்கிறேன். முயலைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி படிப்பிலிருந்தும், பாதி சில வருஷங்கள் இரவில் விளக்கடித்து எண்ணிய வேலையிலிருந்தும் வந்தது. ஆகவே பறவைப் பக்கம் என் கை ஓங்கியிருக்கும், அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முயல் என்று நீங்கள் சொல்வது எது என்பதையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வீட்டில் வளர்க்கும் வெள்ளை முயல் வேறு சாதி. அது மண்ணைத் தோண்டி வளை அமைக்கும். அதன் குட்டிகள் ரோமமில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். காட்டு முயல் வளை தோண்டாது. புல்லுக்கோ புதருக்கோ அடியில் உடம்பு பதியும் அளவுக்கு ஒரு சிறு பள்ளத்தில் படுத்துக் கிடக்கும். அதன் குட்டி முழு ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, வெகு சீக்கிரம் நகரத் தொடங்கிவிடும். இந்தியத் துணைக்கண்டத்தின் கருங்கழுத்து முயல், ஐரோப்பாவின் பழுப்பு முயல், வடக்கே பனிக்காலத்தில் வெள்ளையாகும் மலை முயல் மூன்றும் இந்த வகைதான். மூன்றும் இன்றைக்கு அழிவு அபாயம் குறைந்த பட்டியலில்தான் இருக்கின்றன.

உள்ளானின் பக்கம் பார்த்தால், அது ஒரு சிட்டுக்குருவி அளவுள்ள பறவை. எடை சுமார் 30 கிராம். நுனியில் கரண்டி போல விரிந்த அலகைப் பார்த்துவிட்டு, 1758-ல் லின்னேயஸ் அதை நெட்டைக் காலுள்ள கரண்டிவாயன் குடும்பத்தில் சேர்த்துவிட்டார். உண்மையில் அது உள்ளான்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. முட்டையிலிருந்து வெளியே வரும் குஞ்சுக்கே அந்தக் கரண்டி இருக்கும். இவ்வளவு விசேஷமான அலகு எதற்கு என்பதில் மட்டும் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. சேற்றைத் தள்ளவா, நீரோடு கலந்த குழம்பிலிருந்து இரையை அள்ளவா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பக்கவாட்டில் நின்றால் கரண்டி கண்ணிலேயே படாது. ஆயிரம் சிறு உள்ளான்களுக்கு நடுவே அதைத் தேடுகிறவர்கள், அது தொலைநோக்கியின் பக்கம் நேராகத் திரும்பும் அந்த ஒரு விநாடிக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

இரண்டுக்கும் ஒற்றுமை நீங்கள் நினைத்ததைவிட அதிகம். முயலின் பள்ளத்தையும் உள்ளானின் கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டும் தரையில் கிடக்கும் வெறும் குழிவுதான். உள்ளான் குஞ்சும் பொரித்த நாளிலேயே கூட்டை விட்டு நடந்து, தானே இரை பொறுக்கும். தாய்தந்தையரில் ஒருவர் கூட இருந்து குளிருக்கு அணைத்துக் காப்பதோடு சரி. அதைப் பெரும்பாலும் ஆண் பறவைதான் செய்யும். முயல் தாய் இன்னும் சிக்கனம். ஐரோப்பிய முயலில் இது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. குட்டிகள் ஆளுக்கொரு திசையில் தனித்தனியே பதுங்கிக் கிடக்க, தாய் நாளுக்கு ஒருமுறை, பொழுது சாய்ந்தபின் வந்து சில நிமிஷம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். இரண்டு உயிர்களின் முதல் பாதுகாப்பும் அசையாமல் கிடப்பது. சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் உள்ள சுக்கோட்காவில் இந்த உள்ளான் கூடு கட்டுகிறது. அதே நிலத்தில் மலை முயலும் வாழ்கிறது. அங்குள்ள நரிக்கு இரண்டுமே இரை. ஆக, பகைவர்களோ குளிரோ தரையோ வித்தியாசத்துக்குக் காரணம் என்று சொல்ல முடியாது.

சரி, குட்டி எண்ணிக்கைக்கு வருவோம். உள்ளான் ஒரு கோடையில் இடுவது நான்கு முட்டை. கூர்முனைகள் உள்பக்கம் பார்க்க, நான்கு இதழ் பூ மாதிரி அடுக்கியிருக்கும். இந்தச் சிறிய உள்ளான் வகைகளில் நான்கு முட்டையும் சேர்ந்தால் தாயின் சொந்த எடைக்கு நெருங்கி வந்துவிடும். அதற்கு மேல் அந்த உடம்பால் முடியாது. ஆரம்பத்திலேயே கூடு அழிந்தால் மறுபடி இடக்கூடும். ஆனால் துருவக் கோடை குறுகியது என்பதால் தாமதமானால் அந்த வருஷம் அவ்வளவுதான். முயல் ஒன்றரை மாதம் சுமந்து ஒன்றிலிருந்து நான்கு குட்டி வரை போடும். வருஷத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஈற்று. வெப்ப நாடுகளில் ஏறக்குறைய எந்த மாதத்திலும் ஈனும். ஐரோப்பிய முயல், வயிற்றில் ஒரு ஈற்று முதிர்ந்திருக்கும்போதே அடுத்ததற்குக் கருத்தரிக்கும் திறன் கொண்டது என்பது ஆய்வில் உறுதியாகியிருக்கிறது. இந்த அளவில் உங்கள் ஊகம் சரிதான்.

ஆனால் அதுவே முழுக் காரணம் என்றால் ஆள்காட்டிக் குருவியை என்ன செய்வது? அதுவும் கரைப்பறவைகளின் வரிசையைச் சேர்ந்ததுதான். அதுவும் தரையில், வெட்டவெளியில், நான்கே முட்டை இடுகிறது. நாயும் காக்கையும் கீரியும் கால்நடைக் குளம்பும் அதன் கூட்டை அழிக்கின்றன. அப்படியும் அது குறைவில்லாமல் இருக்கிறது. மறுபக்கம், முயல் குடும்பத்திலேயே இமயமலை அடிவார உயர்புல் வெளிகளில் வாழும் முரட்டுமயிர் முயல் அருகிவரும் இனம். அந்த உயரமான புல் வயலாகவும் தோட்டமாகவும் மாறியதும், மிச்சமிருந்த புல்லை வருஷாவருஷம் எரிப்பதும் அதை ஒடுக்கிவிட்டன. நான்கு முட்டையிட்டுக்கொண்டே சாதாரணமாக இருக்கலாம், முயலாகப் பிறந்தும் அரிதாகலாம். எனவே குட்டிக் கணக்கு மட்டும் போதாது. எது இறக்கிறது, எந்த வயதில் இறக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதை எண்களால் காட்டுகிறேன். இவை விளக்குவதற்காக நானே வைத்துக்கொண்ட எண்கள், களத்தில் அளந்தவை அல்ல. ஆனால் போக்கு இப்படித்தான். 200 உள்ளான்கள், அதாவது 100 இணைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வளர்ந்த பறவைகளில் நூற்றுக்கு 80 அடுத்த வருஷத்துக்குப் பிழைக்கின்றன. 40 பறவை குறைகிறது. பத்து இணைக்கு ஆறு குஞ்சு என்று பறக்கும் பருவத்தை எட்டினால் 60 குஞ்சு. அவை பெரும்பாலும் இரண்டு வயதில்தான் முதன்முதலில் கூடு கட்டும். அந்த இரண்டு வருஷத்தில் 40 பிழைத்து வந்தால் கணக்கு சமன். 20 மட்டும் வந்தால் வருஷத்துக்குப் பத்து சதவீதம் தேய்ந்து, ஆறேழு வருஷத்தில் கூட்டம் பாதியாகிவிடும். இந்த இடத்தில் இரண்டு வழிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். வளர்ந்த பறவைகள் பிழைப்பதை 80-லிருந்து 85 ஆக்கினால் 10 பறவை மிச்சமாகும். அதே 10 பறவையைக் குஞ்சுகள் மூலம் ஈடுகட்ட வேண்டுமென்றால், மூன்றில் ஒன்றுதான் திரும்பி வருகிறது என்பதால், 60 குஞ்சு 90 ஆக வேண்டும். ஒரு பக்கம் ஐந்து சதவீதம், இன்னொரு பக்கம் ஒன்றரை மடங்கு. பெரிய பறவை ஒன்று வலையில் சிக்குவது கூட்டில் முட்டை உடைவதைவிட எவ்வளவு கனமான இழப்பு என்பது இதில் தெரிகிறது.

முயலுக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 200 முயல், அதில் 100 பெண். வருஷத்தில் பாதி செத்துவிடுகிறது, 100 குறைகிறது. ஒரு பெண்ணுக்கு வருஷத்தில் ஆறு குட்டி என்றால் 600. அதில் ஆறில் ஐந்து செத்தாலும் கணக்கு சமன்தான். ஒரு மோசமான வருஷத்தில் 50 குட்டிதான் தேறியது, கூட்டம் 150-க்கு இறங்கியது என்று வையுங்கள். அடுத்த இரண்டு வருஷம் மழையும் புல்லும் நன்றாக இருந்து நாலில் ஒரு குட்டி தேறினால், அது பழைய எண்ணிக்கையைத் தாண்டிவிடும். நரி பிடிக்கும், பருந்து பிடிக்கும், மனிதன் பிடிப்பான். ஒரு பகுதியைப் பிடித்துவிட்டால் மிஞ்சியவற்றுக்கு உணவும் இடமும் கூடும், அதனால் அவை அதிகம் தேறும். ஓரளவு வரை வேட்டை, எப்படியும் சாகவிருந்தவற்றைத்தான் எடுக்கிறது. முயலுக்கு இருக்கும் இந்தத் தாராளம் உள்ளானுக்கு இல்லை. எந்த அளவு வரை அது தாங்கும் என்பது நிலத்துக்கு நிலம் மாறும், எல்லா முயலுக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. 'தான் பிடித்த முயலுக்கு மூணே கால்' என்று நான் நிற்க மாட்டேன்.

மேலே சொன்னது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. கரண்டிமூக்கு உள்ளானின் கதையில் இதுவே நடந்தது. 1970-களில் 2,000-க்கு மேற்பட்ட இணைகள் இருந்ததாக மதிப்பிட்டிருந்தார்கள். அந்த மதிப்பீடு பரந்த நிலத்தில் சிறிய மாதிரியை வைத்துச் செய்தது, ஆகையால் அதில் பிழைக்கு இடம் உண்டு. 2000-ஆம் வருஷ வாக்கில் ஆயிரம் இணைக்குக் கீழே. அடுத்த பத்தாண்டின் முடிவில் ஒன்றிரண்டு நூறு இணைகள். 2008-ல் அதை மிக ஆபத்தான நிலையில் இருக்கும் இனமாக அறிவித்தார்கள். சுக்கோட்காவில் கூடுகளைப் பார்த்துவந்தவர்களைக் குழப்பிய விஷயம் என்னவென்றால், குஞ்சுகள் பொரித்துப் பறந்து போயின, ஆனால் இளம் பறவைகள் கூடு கட்டத் திரும்பி வரவேயில்லை. காரணத்தைத் தேடிப் போனவர்கள் மியான்மரின் மொட்டாமா வளைகுடாவுக்கு வந்து சேர்ந்தார்கள். குளிர்காலத்தில் இந்தப் பறவையின் பெரும்பங்கு தங்குவது அங்கேதான். கரையோர மக்கள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நைலான் வலைகளைச் சேற்றுவெளியில் கட்டி, உணவுக்காகக் கரைப்பறவைகளைப் பிடித்துவந்தார்கள். அவர்கள் தேடியது சதைப்பற்றுள்ள பெரிய பறவைகளை. கூடவே இந்த முப்பது கிராம் பறவையும் சிக்கியது. முதல் வருஷக் கோடையில் இளம் பறவைகளில் பல வடக்கே போகாமல் தெற்கிலேயே தங்கிவிடும். ஆகவே வலை இருக்கும் கரையில் அதிக நாள் இருந்தவை அந்த இளசுகள். 60-இல் 40 வரவேண்டிய இடத்தில் 20 வந்தால் என்னாகும் என்ற என் கணக்கு அங்கே நிஜமாக ஓடிக்கொண்டிருந்தது. வேட்டை மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. ஆனால் இளம் பறவைகள் திரும்பாததற்கு அதுதான் முக்கியக் காரணம் என்று இந்தத் துறையில் இருக்கும் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்புறம் உங்கள் இரண்டாவது கேள்வி. சிறகு இருக்கிறதே, வேறு இடம் போகலாமே? இதைக் கேட்காத ஆள் இல்லை. கேள்வியில் நியாயமும் இருக்கிறது. பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை 2022-ல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் பறந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்திருக்கிறது. அப்படிப்பட்ட சாதிக்குப் பக்கத்துக் கரை தூரமா? தூரம் ஒரு பொருட்டில்லை. பொருட்டு என்னவென்றால், இறங்கும் இடத்தில் கொழுப்பு ஏற்றிக்கொள்ள முடிகிறதா என்பது. கரண்டிமூக்கு உள்ளான் வருஷத்துக்கு இருமுறை சுமார் 8,000 கிலோமீட்டர் பயணம் செய்கிறது. நடுவே, சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையே உள்ள மஞ்சள் கடலின் ஓதச் சேற்றில், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் கரைச் சேற்றில் இறங்கி உடம்பைத் தேற்றியாக வேண்டும். தெற்கே திரும்பும்போது அங்கேயே வாரக்கணக்கில் தங்கிச் சிறகிறகுகளையும் மாற்றிக்கொள்கிறது. இறகு மாறும் நேரத்தில் அதிகம் அலைய முடியாது, உணவும் அதிகம் வேண்டும். அந்த மஞ்சள் கடலின் சேற்றுவெளியில் அரை நூற்றாண்டில் மூன்றில் இரண்டு பங்கு வரை போய்விட்டது என்று பழைய வரைபடங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வு சொல்கிறது.

தென் கொரியாவின் சேமான்கும் என்ற இடத்தில் 33 கிலோமீட்டர் நீளக் கடல்சுவர் கட்டி, 2006-ல் ஓதத்தை அடைத்தார்கள். அதுவரை அங்கே வந்துகொண்டிருந்த கரைப்பறவைகளில் கிரேட் நாட் என்ற இனம் மட்டுமே பல்லாயிரம். அடைத்தபின் அவை அங்கிருந்து மறைந்தன. பக்கத்துச் சேற்றுவெளிகளில் அந்த எண்ணிக்கை ஏறியிருக்க வேண்டுமே? ஏறவில்லை. அந்தப் பறவைகளில் பெரும்பங்கு செத்துத்தான் போயிருக்க வேண்டும் என்பதுதான் எண்ணியவர்கள் வந்த முடிவு. ஒரு பறவை சாவதை அங்கே யாரும் பார்க்கவில்லை, எண்ணிக்கைகளிலிருந்து எட்டிய முடிவு அது. ஆனால் அதற்கு மாறாக எதுவும் இதுவரை வரவில்லை. நல்ல சேறு எங்கே இருந்தாலும் அங்கே ஏற்கெனவே பறவைகள் இருக்கும், காலியான வீடாகக் காத்துக்கொண்டிருக்காது. ஓதம் குறையும் சில மணி நேரத்துக்குள் எல்லாம் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் நெருக்கடி இன்னும் கூடும்.

முயலுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. பிறந்ததிலிருந்து சாகும்வரை அதன் உலகம் சில பத்து ஹெக்டேர். புல், பயிர், மரப்பட்டை, களை எது கிடைத்தாலும் தின்னும். முதலில் கழிக்கும் மென்மையான புழுக்கையைத் திரும்பத் தின்று, காய்ந்த புல்லிலிருந்தும் இரண்டாம் முறை சத்தை எடுத்துக்கொள்ளும். தண்ணீர்கூடப் பெரும்பாலும் இலையிலிருந்தே கிடைத்துவிடும். மனிதன் காட்டை வெட்டி வயலாக்கினால் அதற்கு ஓரளவு லாபமும் உண்டு. 1880-களில் ஜெர்மனியிலிருந்து அர்ஜென்டினாவுக்குச் சில பத்து முயல்களைக் கொண்டுபோனார்கள். அவற்றின் வம்சம் நாடு முழுக்கப் பரவி, எல்லை தாண்டிச் சிலி, உருகுவே, பிரேசில் வரை போய்விட்டது. வாழ்க்கை ஒரே இடத்தில் முடிந்துவிடுகிற விலங்கை எடுத்து இன்னொரு ஏற்ற இடத்தில் வைத்தால் அது பிழைத்துக்கொள்ளும். உள்ளானின் வாழ்க்கையோ கடற்கரை ஒட்டிய துருவ நிலம், மஞ்சள் கடல், தென்கிழக்கு ஆசியக் கரை என்று கோத்த சங்கிலி. கூடு கட்டும் இடத்திலும்கூடக் கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள்தான் இருக்கும், உள்நாட்டுப் பக்கம் போகாது. கண்ணிகளில் எது அறுந்தாலும் மற்ற இரண்டும் நன்றாக இருந்து பயனில்லை. ஆள்காட்டி ஏன் பிழைக்கிறது என்பதற்கும் இங்கேதான் விடை. அது வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே இடத்தில் வாழ்கிறது, வயல்வரப்பும் குளக்கரையும் தரிசும் அதற்குப் போதும். முட்டை எண்ணிக்கையில் அது உள்ளான், வாழும் விதத்தில் அது முயல்.

கூண்டில் வளர்ப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். செய்து பார்த்துவிட்டார்கள். 2011-ல் சுக்கோட்காவிலிருந்து முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை மாஸ்கோ வழியாக இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் உள்ள நீர்ப்பறவைக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். முற்றிலும் அழிந்துவிட்டால் ஒரு விதைக்கூட்டமாவது இருக்கட்டும் என்பது நோக்கம். பறவைகள் வாழ்ந்தன. ஆனால் அவை அங்கே முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கவே பல வருஷம் பிடித்தது, அதுவும் ஒன்றிரண்டுதான். துருவக் கோடையின் இருபத்துநாலு மணி வெளிச்சத்தைக்கூட விளக்கு வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. இதைவிடப் பலன் தந்தது இன்னொரு முறை. 2012-லிருந்து சுக்கோட்காவிலேயே, மெய்னிபில்கினோ என்ற கிராமத்துக்கு அருகில், கூட்டிலிருந்து முட்டையை எடுத்து நரிக்கும் குளிருக்கும் எட்டாமல் பொரிக்கவைத்து, குஞ்சு பறக்கும் பருவம் வரும்வரை காத்து, அங்கேயே விட்டார்கள். சீக்கிரமே முட்டையை இழந்த தாய் மறுபடி இடவும் வாய்ப்புண்டு. இயற்கையில் ஓர் இணைக்கு ஒரு குஞ்சுகூடத் தேறாத இடத்தில், இப்படி மூன்றுக்கு மேல் தேறின. விடப்பட்டவற்றில் சில பயணம் போய்த் திரும்பி வந்து கூடும் கட்டின. ஆனால் நான் முன்பு போட்ட கணக்கை மறந்துவிடாதீர்கள். வழியில் வலை இருந்தால், எவ்வளவு குஞ்சு வளர்த்தாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றின கதைதான். கூடவே மியான்மரில் வேட்டைக்காரர்களோடு பேசி, வலைக்குப் பதிலாக மீன்பிடி வலையும் படகும் போல மாற்றுப் பிழைப்புக்கு உதவியதுதான் முதல் பெரிய திருப்பம் என்பது என் கருத்து. பசிக்குப் பறவை பிடித்தவர்களை எதிரிகளாகப் பார்த்திருந்தால் அந்த வேலை ஓர் அடிகூட நகர்ந்திருக்காது.

ஒப்பிடும்போது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும் ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அரிதான பறவையின் எண்ணிக்கை நமக்கு ஓரளவு துல்லியமாகத் தெரியும், சாதாரண முயலின் எண்ணிக்கை யாருக்கும் தெரியாது. உள்ளானின் காலில் எழுத்தோ எண்ணோ பொறித்த சிறு வெளிர்பச்சைக் கொடி மாட்டுகிறார்கள். உயிரோடு இருக்கும் கொடிப் பறவைகள் 60 என்று தெரியும் என்று வையுங்கள். மஞ்சள் கடல் கரையில் 300 கரண்டிமூக்கு உள்ளான்களின் கால்களைப் பார்த்ததில் 36-ல் கொடி இருந்தது, அதாவது நூற்றுக்கு 12. அப்படியானால் மொத்தம் 500 பறவை. இதே வழியில்தான் 2014-ஆம் ஆண்டுக்கு 210-லிருந்து 228 இணைகள் என்ற மதிப்பீடு வந்தது. 30 கிராம் பறவை ஒன்றின் உலகத் தொகையை இவ்வளவு நெருக்கமாகச் சொல்ல முடிவது பெரிய விஷயம். முயலுக்கு இரவில் விளக்கடித்து, மின்னும் கண்களை எண்ணுவோம், அல்லது அளந்த கட்டங்களில் புழுக்கையை எண்ணுவோம். கிடைப்பது அந்த இடத்து அடர்த்தி மட்டும். புல் உயர்ந்திருந்தால் பாதி முயல் தெரியாது. நிலா வெளிச்சமும் கணக்கை மாற்றும் என்று எனக்குத் தோன்றியதுண்டு, நிரூபித்ததில்லை. சாதாரணம் என்று நாம் சொல்வதில் பாதி, பார்க்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது என்ற நினைப்புதான்.

அந்த நினைப்பை முழுதாக நம்புவது ஆபத்து. ஐரோப்பாவின் பழுப்பு முயல் இன்னும் சாதாரணம்தான், ஆனால் 1960-களிலிருந்து பல நாடுகளில் வெகுவாகக் குறைந்திருக்கிறது. வேட்டைக்காரர்கள் பிடித்த எண்ணிக்கையைப் பல பத்தாண்டுகளாக எழுதிவைத்திருந்ததால்தான் அந்தச் சரிவு தெரிந்தது. வயல்கள் பெரிதாகி, ஒரே பயிராகி, வரப்பும் தரிசும் களையும் போனதுதான் பெரிய காரணம் என்பதில் அதிகம் பேர் உடன்படுகிறார்கள். நரி பெருகியதன் பங்கு எவ்வளவு என்பதில் சண்டை தொடர்கிறது. கரைப்பறவைகளில் மெல்லலகுக் கோட்டான் என்று ஒன்று இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடல் பக்கம் அதைச் சாதாரணம் என்றே எழுதியிருக்கிறார்கள். உறுதியான கடைசிப் பதிவு 1995-ல், மொராக்கோவில். இப்போது அது அழிந்த இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அது எங்கே கூடு கட்டியது என்பதைக் கூட நாம் சரிவரக் கண்டுபிடிக்கவில்லை.

கரண்டிமூக்கு உள்ளானுக்கு அப்படி ஆகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேள்விக்குள் அது இருக்கிறது. எண்ணிக்கை இன்னும் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் 2000-களில் இருந்த வேகம் இல்லை. 2018-ல் சீனா, வணிகத்துக்காகக் கடற்கரையை நிரப்புவதை நிறுத்த முடிவு செய்தது. அடுத்த வருஷம் ஜியாங்சு கரையின் தியாவோசினி சேற்றுவெளி உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இந்தப் பறவையில் பெரும்பங்கு இறகு மாற்றும் இடங்களில் அது ஒன்று. அங்கே இன்னொரு சிக்கல் இருந்தது. ஓதம் ஏறும்போது சேறு முழுக்க மூழ்கிவிடும், கரைச்சுவருக்கு இந்தப்பக்கம் எல்லாம் மீன்குளங்கள், பறவை நிற்க இடமில்லை. ஆகவே 2020-ல் சுமார் 48 ஹெக்டேர் குளத்தை எடுத்து, நீரை வடித்து, புதரை வெட்டி, தாழ்வான மணல்திட்டாக ஆக்கிக் கொடுத்தார்கள். இப்போது ஓதம் ஏறிய நேரத்தில் ஆயிரக்கணக்கான கரைப்பறவைகள் அங்கே வந்து, தண்ணீர் இறங்கும்வரை ஒற்றைக்காலில் நிற்கின்றன. அந்தக் கூட்டத்துக்குள் கரண்டிமூக்கு உள்ளான்களும் இருக்கின்றன. கொடி எண்களைக் குறித்துக்கொள்ளும் ஆட்களும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.